ஏப்ரல் முப்பது

பனி உருகக் கூடாது என்று
மிஷ்கோல்ட்ஸ் நகரில் வேண்டிக்கொள்பவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் முப்பதுவரை
குடியிருப்பவரை வெளியே தள்ளக் கூடாது.
ஹங்கேரியில் அப்படி ஒரு சட்டம்.
குளிரில் மனிதர் செத்துப்போவார்கள் என்று
யாரோ ஒரு அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது.
மே மாதத்தில் சாவதைப் பற்றி
அவர் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

சம்பளம் ஃபோரிண்டில். கடன் சுவிஸ் பிராங்கில்.
"வட்டி கம்மி" என்றார் வங்கிக்காரர்.
மேசையில் கிண்ணம் நிறைய மிட்டாய்;
யோலான் இரண்டு எடுத்துக்கொண்டாள்.
அந்தப் பணத்தில் ஒரு நோட்டைக்கூட
இன்றுவரை நான் கண்ணால் கண்டதில்லை.
எங்கோ மலைநாட்டில் அதன் விலை ஏறியது,
இங்கே என் பலகையில்
ரொட்டித் துண்டு மெலிந்தது.
பிறகு அரசாங்கம் அதை ஃபோரிண்டாக மாற்றிக் கொடுத்தது.
பெயர்தான் மாறியது.
அதற்குள் வட்டி குட்டி போட்டு
குட்டிகளும் வளர்ந்திருந்தன.

தெஜோ கோழி வெட்டும் ஆலைக்கென்று
லின்ஸுக்குப் போனான்.
பதினான்கு மாதம் பணம் வந்தது.
அப்புறம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது.
அப்புறம் அதுவும் இல்லை.

கடிதங்களைப் பிரிக்காமல்
ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்தேன்.
கேஸை எப்போதோ வெட்டிவிட்டார்கள்.
காகிதம் பத்திரமாயிருக்க
அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை.

ஃபோனை எங்கே வைப்பது?
வாரத்துக்கு ஒன்பது அழைப்பு.
குரல் மாறும், கேள்வி ஒன்றே: எப்போது?
அதில் ஒருத்தியின் குரல் அத்தனை இனிமை,
வானொலியில் வானிலை சொல்பவள்போல.
மகளுக்குக் கேட்கக் கூடாதென்று
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவேன்.
தண்ணீர்க் கட்டணமும் ஏறியது.

மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
ஒருநாள் நான் ஆஸ்பத்திரியில்
படுக்கை விரிப்புகளை வெளுத்துக்கொண்டிருந்தபோது
அவளே ஃபோனை எடுத்து,
"அம்மா செத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் சத்தமே இல்லை.
தூங்கினேன்.
நான்காம் நாள்
ஆழ்ந்த அனுதாபங்களோடு ஒரு கடிதம்:
வாரிசு யார்?

சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பின்
வயிறு வலிக்கச் சிரித்தேன்.
சிரித்து முடித்த கையோடு
அடுப்புத் தட்டை அப்படியே உருவிக்கொண்டு
டிராம் ஏறினேன்.

வியாழக்கிழமைகளில் நூலக மாடியில்
காசு வாங்காத வக்கீல் ஒருத்தி. பெயர் கிங்கா.
கடுமையான ஜலதோஷம் அவளுக்கு.
கடிதங்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினாள்,
மண்டியிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு.
வங்கி என் கடனை விற்றிருந்தது.
வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றிருந்தான்.
முதல் விற்பனை, நூறுக்கு ஒன்பது வீதம்.

ஒன்பதுக்கு எனக்கே விற்றிருக்கலாமே என்றேன்.

"எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க."

இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் நடுவே
ஒரு காகிதத்தைக் காணோம்.
கிங்கா விரல் வைத்துக் காட்டிய இடத்தில்
வெறும் தரை.
இது வீட்டைக் காப்பாற்றாது, என்றாள்.
நாள் வாங்கித் தரும்.
ஃபோனில் எதையும் ஒப்புக்கொள்ளாதே.
யார், யாரிடமிருந்து, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து,
எல்லாம் எழுத்தில் கேள்.

மார்ச் வந்துவிட்டது.
கூரை விளிம்பு சொட்டுகிறது,
யாரோ சில்லறை எண்ணுவதுபோல.
அமீனாவுக்கும் இந்தச் சத்தம் கேட்கும்.
எதிர்வீட்டு ஆப்ரிகாட் மரம்
மொட்டு விடலாமா என்று யோசிக்கிறது.
அவசரப்படாதே, மரமே.

ஃபோன் அடித்தது. வானிலைக் குரல்.
குளியலறைக்குப் போனேன், பழக்கத்தில்.
குழாய்மேல் கை வைத்தேன்,
திறக்கவில்லை.

"யார் பேசுறீங்க?" என்றது இனிமை.

செத்துப்போனவள்தான் பேசுகிறேன்.
பேனா இருக்கிறதா?
எழுதிக்கொள்ளுங்கள்.